என்கிட்டயில்ல மொதல்ல கேக்கணும்

ஜன்னல் பக்கம் நீயே உக்காரு தாயி, கைப்பிள்ளையோட வர்ற. எனக்குக் காத்து ஆகாது. நத்தம் போய்ச் சேர்ற வரைக்கும் இந்த பஸ் இப்பிடித்தான் நின்னு நின்னு போகும். பிள்ளை தூங்கட்டும், நான் மெதுவாவே பேசுறேன்.

உன்னப் பாத்ததும் ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு. தப்பா எடுத்துக்கிற மாட்டியே? நீ பொறந்ததுல இருந்தே முஸ்லீமா? ஆமாங்கிற. அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்காது. நான் கேக்க நெனச்சது நடுவுல போய்ச் சேர்றவங்களப் பத்தி. அம்பது வயசுல, பொண்டாட்டி, வீடு, ரேஷன் கார்டு எல்லாம் இருக்கிற ஒரு மனுசன் எதுக்குப் போய் மாறுறாரு? ஒன்னையப் போல ஆளுக யாராச்சும் சொல்லுவாங்களான்னு பாக்குறேன்.

எங்க வீட்டுக்காரரத்தான் சொல்றேன். குருசாமின்னு பேரு. எங்க பக்கம் புருசன் பேர வாயால சொல்ல மாட்டோம். இப்ப அது பழைய பேரா ஆயிப்போச்சுல்ல, சொன்னாத் தப்பில்ல. புதுப் பேரு யாகூப்பு. அத நான் சொல்றதில்ல.

திண்டுக்கல்லுல தோல் ஷாப்புல வேலை அவருக்கு. பச்சத் தோல அலசி, சுண்ணாம்புல ஊறப்போட்டு, மயிர வழிக்கிற வேலை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த நாத்தத்தோடதான் குடும்பம் நடத்துறேன். ஒரு நாள் மூக்கச் சுளிச்சதில்ல. மனுசன் பேச மாட்டாரு. கொழம்புல உப்பு இல்லேன்னா இல்லாமலே தின்னுட்டுப் போயிருவாரு. நான் பேசுவேன், அவரு கேட்டுக்கிட்டு இருப்பாரு. கேக்குறாரா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது. அப்பிடியே ஓடிப்போச்சு.

போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை. நான் அடுப்புல கருவாடு வறுத்துக்கிட்டு இருக்கேன். வாசப்படியில நின்னு, "தவமணி, நான் இஸ்லாத்துக்குப் போயிட்டேன்"னாரு. சிலிண்டருக்குச் சொல்லியாச்சுன்னு சொல்ற மாதிரி.

"கருவாடு கருகுது, அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க"ன்னேன். வேற என்ன சொல்றது? அந்த நேரத்துல எனக்கு அது காதுலயே சரியா விழுகல.

சாப்பிட்டாரு. எந்திரிச்சு அவரு தட்ட அவரே கழுவி வச்சாரு. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பெறகு பாயச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயி முன்ரூம்புல விரிச்சாரு. "ஏன் அங்க?"ன்னேன். "காத்து வருது"ன்னாரு. அந்த ரூம்புக்கு ஜன்னலே கிடையாது தாயி.

மதம் மாறினது எனக்கு ஒறைக்கல. அந்தப் பாயி ஒறைச்சுச்சு.

ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும்னு பாத்தேன். ஆகல. பக்கத்து வீட்டு சரசுகிட்டச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவ தண்ணிக் கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டே சொன்னா, "ஆம்பள எதுக்கு மாறுவான்? வீடு கீடு தர்றாங்கன்னா மாறுவான், இல்லேன்னா ஒருத்தி இருப்பா. வீடு குடுத்தாங்களா?"

"இல்லையே."

"அப்பப் பாத்துக்க"ன்னுட்டுப் போயிட்டா.

பாத்தேன். பாக்கப் பாக்க எல்லாம் பொருந்தி வருது. வேலைய விட்டு வந்ததும் ஒரு குளியல். சட்டையில அத்தரு. இத்தன வருசம் அந்தத் தோல் நாத்தத்தோட எம்பக்கத்துல படுத்த ஆளு, இப்ப அத்தரு போட்டுக்கிட்டு தனியாப் படுக்குறாரு. வெள்ளச் சட்டை எடுத்துத் தச்சுக்கிட்டாரு. எங்க அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் புதுச்சட்டை எடுங்கன்னு நான் காலப் பிடிக்காத குறையாக் கெஞ்சியிருக்கேன், இருக்கிறது போதும்னுட்டாரு.

காலையில எந்திரிக்கிறதப் பாரு. நான் தண்ணி தெளிச்சு, போர்வைய உருவி, வைஞ்சு எழுப்பினாத்தான் எந்திரிப்பாரு அந்த மனுசன். இப்ப விடியிறதுக்கு முன்னாடி பள்ளிவாசல்ல பாங்கு சொன்னதும் பட்டுன்னு எந்திரிச்சு ஒக்காருறாரு. நான் கூப்பிட்டப்ப வராத முழிப்பு, அவங்க கூப்பிட்டதும் வருது. நீ கோவிச்சுக்காத. மனசுல பட்டதச் சொல்றேன்.

குடிச்சுக்கிட்டு இருந்தாரு. தெனமும் இல்ல, சம்பளத்தன்னைக்கு. அதை விட்ருங்கன்னு நான் எத்தன வாட்டி அழுதிருப்பேன், எத்தன கோயில்ல கயிறு வாங்கிக் கட்டியிருப்பேன். அசையல. பள்ளிவாசல்ல ஒரு வாட்டி சொன்னாங்களாம். ஒரே வாட்டி. விட்டுட்டாரு. ஊரே வந்து, "ஒனக்கு நல்ல காலம் தவமணி"ங்குது. எனக்கு வயிறு எரியுது. அப்ப நான் சொன்னதெல்லாம் என்ன, காத்துல போனதா?

டீக்கடையில அவரப் பாத்தா "வாங்க பாய்"ங்கிறான். முன்னாடியெல்லாம் "என்னடா குருசாமி"ம்பான், தனி டம்ளரு வெளிய கவுத்தி வச்சிருந்த கடைதான் அது. இப்ப பெஞ்சுல எடம் விட்டு உக்கார வைக்கிறான். நான் பால் வாங்கப் போனா இன்னமும் எனக்கு "ஏ, இந்தாத்தா"தான். புருசன் பாயாயிட்டா பொஞ்சாதி என்னவாவான்னு அவனுக்குத் தெரியல போல.

பக்ரீத்துக்கு அவரு கூட வேலை பாக்குற ஷாஜகான் பாய் வீட்டுல விருந்து. என்னையும் கூப்பிட்டாங்கன்னு போனேன். உள்ள பொம்பளைகளோட உக்காந்திருந்தேன். கதவிடுக்குல பாக்குறேன், ஒரு பெரிய தட்டச் சுத்தி நாலு பேரு. ஷாஜகான் பாய், அவரு மச்சினன், யாரோ கடைக்காரரு ஒருத்தரு, நடுவுல எங்க வீட்டுக்காரரு. எல்லாரு கையும் ஒரே சோத்துல. ஷாஜகான் பாய் நல்ல கறியாப் பாத்து இவரு பக்கம் தள்ளி விடுறாரு. இவரு சிரிக்கிறாரு. பல்லுத் தெரியச் சிரிக்கிறாரு தாயி. எம்புருசனுக்கு மேல்வரிசையில ஒரு பல்லு இல்லேங்கிறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. சரசு சொன்னது சரிதான்னு நெனச்சுக்கிட்டேன். இப்பிடிச் சிரிக்க வைக்கிறதுக்கு ஒருத்தி எங்கயோ இருக்கா.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். எங்களுக்கு ஒரு மக இருந்தா. அபிராமி. ஒம்பது வயசு. ஆறு வருசம் முன்னாடி டெங்குக் காய்ச்சல்ல போயிட்டா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மான்னாரு டாக்டரு. அவ்வளவுதான், எம்மாமியா அதைப் பிடிச்சுக்கிட்டா. "காய்ச்சப் பிள்ளைய வீட்டுல வச்சுக் கசாயம் குடுத்துக்கிட்டு இருந்தாளே பாவி. நேந்துக்கிட்ட மொட்டையும் போடல, எல்லாம் இவ செஞ்சது"ன்னு தெருவுல உக்காந்து சொன்னா. வந்தவங்க போனவங்க எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க. ஒருத்தி என் ஜாதகத்தக் கேட்டா.

அவரு அங்கதான் நின்னாரு. வாயத் தொறக்கல. ஒரு சொட்டுக் கண்ணீரு விடல. பால் ஊத்திட்டு வந்த மறுநாளே வேலைக்குப் போயிட்டாரு. நான் தரையில கெடந்து அழுவேன், அவரு என்னத் தாண்டிப் போயி மோட்டாரு சுவிட்சப் போடுவாரு. அதை நான் மறக்கவே இல்ல. கல்லுன்னு நெனச்சேன். சரி, கல்லோடதான் நம்ம பொழப்புன்னு விட்டுட்டேன்.

அந்தக் கல்லுதான் இப்ப அத்தரு போட்டுக்கிட்டுச் சிரிக்குது. எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லு.

ஒரு நாள் பின்னாடியே போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானம். பள்ளிவாசல்ல தொழுக முடிஞ்சு கூட்டம் கலைஞ்சுச்சு, இவரு மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பல. பள்ளிவாசலுக்குப் பின்னால ஒரு சந்து. அதுல போயி ஒரு பச்சக் கதவத் தட்டுனாரு. கதவு தொறந்துச்சு. வாசல்ல பாத்தா, பொம்பளச் செருப்பு. உள்ள வளையல் சத்தம். எதுத்தாப்புல தையக்கடையில போயி, ஜாக்கெட்டுத் துணிக்கு லைனிங் வெல கேக்குற மாதிரி நின்னுக்கிட்டேன். ரொம்ப நேரங்கழிச்சு வெளிய வந்தாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

அவரு தெருமுனை திரும்பினதும் நான் போயிக் கதவத் தட்டுனேன். தட்டல, அடிச்சேன். ஒரு அம்மா வந்து தொறந்தாங்க. என் வயசுதான் இருக்கும். முக்காட்ட இழுத்துவிட்டுக்கிட்டு, "யாரும்மா?"ன்னாங்க.

"இங்க வந்துட்டுப் போறாரே, அவரு பொண்டாட்டி. எங்க அவ?"ன்னேன்.

"எவ?"

"எம்புருசன மாத்துனவ."

அந்த அம்மா கோவிச்சுக்கல. என்னையவே பாத்தாங்க. "நீங்க தவமணிதான?"ன்னாங்க. "உள்ள வாங்க. இது பள்ளிவாசல்ல தொழ வைக்கிற ஹஜரத்தோட வீடு. நான் அவங்க சம்சாரம். பொம்பளப் பிள்ளைகளுக்கு ஓதிக் குடுக்குறேன், அதுகளோட செருப்புத்தான் வாசல்ல கெடக்குது"ன்னாங்க. உள்ள பாத்தா ஏழெட்டுப் பிள்ளைக முக்காட்டப் போட்டுக்கிட்டு என்ன வேடிக்கை பாக்குதுக. ஹஜரத், தாடியெல்லாம் வெளுத்த பெரியவரு, எந்திரிச்சு அடுத்த ரூம்புக்குப் போயிட்டாரு. அந்தம்மா தண்ணி குடுத்தாங்க. குடிச்சேன். எம்பேரு எப்பிடித் தெரியும்னு கேட்டேன்.

"வாராவாரம் உங்களப் பத்தித்தான பேசுறாரு. நான் திரைக்கு இந்தப் பக்கம் இருப்பேன், காதுல விழும்"ன்னாங்க.

"என்னத்தப் பேசுறாரு? என்கிட்டப் பேசாததை?"

அந்தம்மா சொன்னாங்க. "நீங்களும் கலிமா சொல்லி வராத வரைக்கும், மார்க்கப்படி ரெண்டு பேரும் புருசன் பொஞ்சாதியா இருக்க முடியாதும்மா. ஹஜரத் அதை மொத நாளே சொல்லிட்டாங்க. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்ப அவங்களையும் கூப்பிடுங்களேன்னாங்க. அவ மேல ஏற்கெனவே நெறைய ஏத்தி வச்சுட்டேன், இதையும் ஏத்த மாட்டேன்னாரு. அப்ப விட்டுருவீங்களான்னாங்க. விட மாட்டேன்னாரு. அதுல இருந்து வர்றாரு, அதையே கேக்குறாரு, போறாரு. ஹஜரத்தும் ஒவ்வொரு வாட்டியும் ஒரே பதிலத்தான் சொல்ல வேண்டியிருக்கு."

பாயத் தூக்கிட்டுப் போனாரே, அந்தப் பாயி. காத்து வருதுன்னாரே.

நான் உக்காந்திருந்தேன். எந்திரிச்சு வந்திருக்கலாம். ஒருத்தியும் இல்லேன்னு தெரிஞ்சிருச்சுல்ல. ஆனா எனக்கு நெஞ்சு ஆறல. "கண்ணு செவந்து போறாரே, அது எதுக்கு?"ன்னேன்.

"மகளுக்காக. யாகூப்னு பேரு அவராத்தான் கேட்டு வாங்கினாரு. யாகூப் நபி பிள்ளையப் பிரிஞ்சு அழுதழுது கண்ணு பூத்துப் போனவங்க. அந்தக் கதைய ஹஜரத் சொன்னப்போ, அந்தப் பேருதான் வேணும்னுட்டாரு. அன்னைக்கு ஆரம்பிச்ச அழுகைதான்"னாங்க.

கேட்டுக்கிட்டியா தாயி. எம்பிள்ளைக்கு. நான் சொமந்து பெத்த பிள்ளைக்கு. பக்கத்துல பொஞ்சாதி தரையில கெடந்து கதறுனப்ப வராத கண்ணீரு, ஊரான் வீட்டுல, யாருன்னே தெரியாத ஒரு பெரியவர் முன்னால வருது. ஒருத்தி இருந்திருந்தாக் கூட எனக்கு இம்புட்டு ஆத்தாமை வந்திருக்காது. அவ மயிரப் பிடிச்சு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வந்திருப்பேன். இங்க யாரப் போயி இழுக்குறது?

"சரி, சொல்லிக் குடுங்க"ன்னேன்.

"எதை?"

"அந்த வார்த்தைய. அதைச் சொன்னா நானும் வந்துரலாம்ல? சொல்லிக் குடுங்க, இப்பவே சொல்றேன்."

"எதுக்கும்மா வர்றீங்க?"

"அவரு மட்டும் அங்க தனியா இருக்காருல்ல."

"அவரு உங்களக் கூப்பிடலியே."

"கூப்பிடல. அதுக்காகத்தான் வர்றேன்."

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. பிள்ளைகளும் சிரிச்சுருச்சுக. எங்கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "தவமணி, நீங்க வந்தா எனக்குச் சந்தோசம். நீங்க எதுக்காக வர்றீங்கங்கிறது படைச்சவனுக்கும் உங்களுக்கும் நடுவுல. ஆனா உங்களத் தங்கச்சியா நெனச்சுச் சொல்றேன், இந்த ஆத்திரத்துல வராதீங்க. இன்னைக்குப் போயி அவருகிட்ட உக்காந்து பேசுங்க. பெறகும் வரணும்னு இருந்தா இந்தக் கதவு தொறந்துதான் இருக்கும்"னாங்க.

எனக்கு அவமானமாப் போச்சு. அவரு கேட்டதும் சேத்துக்கிட்டாங்க, எனக்கு மட்டும் யோசனை சொல்றாங்க. கையை உருவிக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அவரு முன்ரூம்புல சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிக்கிட்டு இருந்தாரு. நான் நெலப்படியில உக்காந்துக்கிட்டேன், வெளிய போக வழி விடாம. "இப்பச் சொல்லுங்க, எதுக்கு மாறுனீங்க?"ன்னேன்.

அவரு என்னத் திரும்பிப் பாத்தாரு. "நீ இதைக் கேக்கவே இல்லையே இத்தன நாளா"ன்னாரு.

அது ஒரு பேச்சா? நான் கேக்கலேன்னா சொல்லக் கூடாதா? சரி, அதை விடு.

எதுத்தாப்புல சம்மணம் போட்டு உக்காந்தாரு. தரையப் பாத்துக்கிட்டே பேசினாரு. அவரு அம்புட்டு நேரம் பேசி நான் கேட்டதே இல்ல. "அபிக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நீ சொன்ன. ஷாப்புல லோடு வந்திருந்துச்சு. கசாயம் குடு, ரெண்டு நாள் போகட்டும்னு சொன்னது நான். எங்கம்மா ஒன்னையச் சொன்னப்ப, நாந்தான்னு சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பல. அன்னைக்கு விட்டதுதான், பெறகு சொல்லவே முடியல. ஒம்மூஞ்சியப் பாத்து அழுறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லேன்னு தோணுச்சு. எங்க போனாலும் எதனால போச்சு, யாரால போச்சுன்னுதான் கேட்டாங்க. ஷாஜகான் பாய் மட்டும் கேக்கல. அல்லாகிட்ட இருந்து வந்தது, அவன்கிட்டயே போயிருச்சுன்னு சொல்லிட்டு, அந்தச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்துல சாயங்காலம் வரைக்கும் எங்கூட சும்மா உக்காந்திருந்தாரு. பெறகு ஒரு நாள் அவருகூடப் பள்ளிவாசலுக்குப் போனேன். எல்லாரும் நெத்தியத் தரையில வச்சாங்க. நானும் வச்சேன். தலைய நிமித்தணும்னே தோணல. செஞ்சத எல்லாம் அங்கயே சொல்லிட்டேன்"னாரு.

"சொல்லி?"

"மனசு லேசாச்சு."

"ஒங்க சாமி மன்னிச்சுட்டாரா?"

"மன்னிக்கிறவன்னுதான் சொல்றாங்க."

எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். நான் எந்திரிச்சு நின்னுட்டேன். "ஏன்யா, பிள்ளைய நான் பெத்தேன். பழிய நான் சொமந்தேன். லோடு வந்ததும் எனக்குத் தெரியும், நீங்க சொன்னதும் எனக்குத் தெரியும். ஒங்கம்மா தெருவுல உக்காந்து என்ன ஏசுனப்ப ஒரு வார்த்தை நான் ஒங்களக் காட்டிக் குடுத்தேனா? ஆறு வருசம் வாயில வச்சு அதக்கிக்கிட்டு இருந்தேன். மன்னிப்புக் கேக்கணும்னா என்கிட்டயில்ல மொதல்ல கேக்கணும். அங்க போயி எதுக்குக் கேட்டீங்க?"ன்னேன்.

அவரு அழுதுட்டாரு. என் முன்னால, என் வீட்டுல. நான் தொடச்சு விடல. நின்னு பாத்தேன்.

அழுது முடிச்சுட்டுச் சொன்னாரு, "ஹஜரத்தும் அதேதான் சொன்னாங்க. ஒரு ஆளுக்குச் செஞ்ச அநியாயத்த அந்த ஆளு மன்னிக்காம அல்லாவும் மன்னிக்க மாட்டானாம். ஒங்கிட்டத்தான் வந்து கேக்கணும்னு அனுப்பி விட்டாங்க. இத்தன நாளா தைரியம் வரல. மன்னிச்சுரு தவமணி"ன்னாரு.

எனக்கு எப்பிடி இருந்துச்சுங்கிற? அவங்க சாமியே ஆள என்கிட்டத் திருப்பி அனுப்பிருக்காரு. என்கிட்ட வராம அங்க வேலை நடக்காதாம். எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. வெளிய காட்டிக்கிறல. "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லிட்டு அடுப்பப் பத்த வைக்கப் போயிட்டேன்.

அது நடந்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் சொல்லல.

ஏன் அப்பிடிப் பாக்குற? எங்கள அத்து விடுறதுக்கு நத்தத்துல எங்க அண்ணன் வக்கீலப் பாத்து வச்சிருக்காரு, கையெழுத்துப் போட வான்னு கூப்பிட்டு விட்டிருக்காரு. அங்கதான் போறேன். கையெழுத்துப் போட மாட்டேன்னு நேர்ல சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். எம்புருசன நான் எதுக்கு விடுறேன்? உங்க ஹஜரத் சம்சாரத்தையும் போயிப் பாத்தேன், ஒரு டப்பா அதிரசம் கொண்டு போயி. கலிமா பத்தி அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. போகப் போகப் பாக்கலாம்.

தெனம் சாயங்காலம் வேலைய விட்டு வந்து, குளிச்சு, தொழுதுட்டு, நெலப்படிக்கு அந்தப் பக்கம் உக்காருவாரு. நான் இந்தப் பக்கம் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பேன். "இன்னும் இல்லையா தவமணி?"ம்பாரு. "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்"பேன். அப்பிடியே பேச்சு வளரும். அவரு சின்ன வயசுல ஆடு மேச்சது, ஷாப்புல மொத நாள் சுண்ணாம்புல காலு வெந்தது, என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப பயத்துல காராச்சேவு தொண்டையில விக்கிக்கிட்டது. அதெல்லாம் எனக்கு யாரு சொன்னா இத்தன வருசமா?

பாவம்னு சொல்றியா? இருக்கட்டும். ஒரு நாளைக்கு அஞ்சு வேளை அந்தச் சாமிகிட்டப் போறாரு. என்கிட்ட ஒரு வேளைதான் வர்றாரு.

நேத்து அபியப் பத்திச் சொன்னாரு. அது சின்னதா இருக்கையில, நான் கடைக்குப் போன நேரம், இவரு ரெண்டு பாதத்து மேலயும் ஏறி நின்னுக்கிட்டு, இடுப்பக் கட்டிக்கிட்டு வீடெல்லாம் நடக்கச் சொல்லுமாம். அம்மாகிட்டச் சொல்லிராத, வைவாங்கன்னு சொல்லுமாம். எனக்குத் தெரியவே தெரியாது. எம்பிள்ளை எனக்குத் தெரியாம வச்சிருந்த ஒண்ணு.

நான் வெங்காயத்த வச்சுட்டுக் கேட்டேன், "இதை அங்க சொல்லியிருக்கீங்களா, தொழுகையில?"

"இல்ல. இது ஒங்கிட்டத்தான் சொல்றேன்"னாரு.

இன்னும் எத்தன வச்சிருக்காரோ தாயி. ஒவ்வொண்ணா எல்லாம் வரட்டும். பெறகு மன்னிக்கிறேன்.